குதிரை போய்த் திரும்பிய ஆட்டம்

தங்கச்சிக்கு,

நேற்றுச் செஸ் போட்டியில் நீ ஒரு மூலை, நான் ஒரு மூலை. நம் பேரப்பிள்ளைகள் எதிரெதிரே. என் பேத்தியிடம் உன் பேரன் நாலு மணி நேரம் தாக்குப்பிடித்தானே, கெட்டிக்காரன்தான்!

கடைசியில் இவள் குதிரை முன்னே போய்ப் பின்னே வந்தது, அவன் யானையும் அப்படியே. மூன்றாம் தடவை அதே நிலை வந்ததும் நடுவர் ‘டிரா’ என்றார். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரியவில்லை.

“ஏண்டி, வேற காய நகர்த்தக் கூடாதா?”

“யாரு முதல்ல மாத்துறாங்களோ அவங்க தோத்துடுவாங்க, பாட்டி.”

‘அவளே முதலில் வரட்டும்’ என்று நாம் இருவரும் பதினோரு வருஷமாகச் சொல்கிறோம். தோற்றால் அப்படி என்னதான் ஆகிவிடும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை உன் வீட்டுக்கு வருகிறேன்.

அக்கா