ஒரே தாயின் துண்டுகள்

எல்கடுவ,
06.06.2025

அன்பின் ஷெரோமிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது. அதனால் எழுதுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை, எனக்கு இருமலும் விடவில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது, பறிக்கிற பெண்கள் "ஐயா, கடலம்மா எப்ப வர்றாங்க?" என்று கேட்கிறார்கள். உனக்கு அதுதான் பெயர் இப்போது.

ஞாயிறு பூசை முடிந்து மாத்தளை டவுனில் உன் பணிப்பாளர் ஜெயரட்ணம் சேரைக் கண்டேன். அந்த அறிக்கையில் நீ கையெழுத்து வைத்தால் வேலையை நிரந்தரமாக்குவாராம். கடலடியில் ஆயிரத்து இருநூறு முருகைக்கல், அதுதான் உன் பவளம், நட்டதாகத்தானே எழுதியிருக்கிறது? நட்டது உண்மைதானே? ஒரே தாயில் ஒடித்து நட்டால் என்ன குறை? நாங்களும் ஒரு நல்ல தாய்ச்செடியில் தண்டு வெட்டித்தான் மலை முழுக்கத் தேயிலை நடுகிறோம். பிடிவாதத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வா.

அன்புடன்,
ஜெஸ்டின்

நிலாவெளி,
11.06.2025

அன்பின் ஜெஸ்டினுக்கு,

உங்கள் தேயிலைக்கு நீங்கள் இருக்கிறீர்கள். உரம் போடுவீர்கள், மருந்தடிப்பீர்கள், பட்டுப்போனால் பிடுங்கிவிட்டு வேறு நடுவீர்கள். முருகைக்கல்லுக்கு யார் இருக்கிறார்கள்? கடல் சூடானால் அதுவாகத்தான் தாங்க வேண்டும். எல்லாம் ஒரே தாயின் துண்டுகள் என்றால், அந்தத் தாய்க்குத் தாங்காத சூட்டில் எல்லாம் சேர்ந்தே சாகும்.

போன வருட வெயிலில் இங்கே பாதிக்குப் பாதி வெளுத்துச் செத்தது. பிழைத்தவை குள்ளமும் கோணலும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை. அவற்றிலும் எடுத்து நடுவோம் என்று கெஞ்சினேன். சேர் சிரித்தார். "படத்துக்கு வடிவா இராது, பிள்ளை" என்றார்.

இன்னொன்று. ஒரே தாயின் துண்டுகள் தங்களுக்குள் கருக்கட்டுவது அபூர்வம். நட்டது நட்டபடி நிற்கும், புதுத் தலைமுறை வராது. இதைத்தான் கடலைக் காப்பாற்றியதாக எழுதச் சொல்கிறார்கள். நான் கையெழுத்து வைக்க மாட்டேன். வேலை போனால் போகட்டும்.

இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். நான் இல்லையென்று சும்மா இருந்துவிட வேண்டாம்.

உங்கள்
ஷெரோமி

எல்கடுவ,
19.06.2025

ஷெரோமிக்கு,

சேர் மறுபடியும் போன் எடுத்தார். "நீர் சொன்னால் அவ கேப்பா தானே, தம்பி?" என்றார். கேட்பாள், கையெழுத்து வைப்பாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பெரிய மனிதர் முன்னால் என் மானம் இப்போது உன் கையில் இருக்கிறது. அதைக் கெடுப்பதாக இருந்தால் கடலோடேயே இருந்துகொள். இந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஜெஸ்டின்

நிலாவெளி,
24.06.2025

ஜெஸ்டின் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை. உங்களைக் கலியாணம் செய்தேன், என் கையெழுத்தை உங்களுக்கு எழுதித் தரவில்லை. நீங்கள் கொடுத்த வாக்கை நீங்களே போய்த் திருப்பி வாங்குங்கள்.

இனி எனக்குச் சேரிடம் வேலை இல்லை. ஆராய்ச்சி அனுமதி என் பெயரில் இருக்கிறது. மீன்பிடிக்கிற றுஸ்தி நானா படகு தருகிறார். அந்தக் கோணல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு எடுத்து நானே நடப்போகிறேன். வர வேண்டாம் என்றீர்கள், வரவில்லை. நீங்கள் வருவதென்றால் வாருங்கள். கூட்டிப்போக மட்டும் வராதீர்கள்.

சேரிடம் சொல்லுங்கள், உங்கள் வாக்குப் பொய்க்கவில்லை. அறிக்கையில் கையெழுத்து வைத்துத்தான் வெளியேறினேன். நட்ட முருகைக்கற்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் ஆயிரத்து இருநூறு என்று அச்சடித்திருந்தார்கள். அதைக் குறுக்கே வெட்டிவிட்டு 'ஒன்று' என்று எழுதி, அதன் கீழே வைத்தேன்.

ஷெரோமி