கஞ்சி ஆறப் பொறுக்காத நடுவரின் வழக்கு

மழை பிழையாதிருக்க. வயல் மறுக்காதிருக்க. மேற்கே மலையும் கிழக்கே கடலும் வேலியாக, நடுவே ஆறுகள் ஓயாது நடக்கும் செங்கரை நாட்டைத் தாயெனக் காத்தருளும் கோப்பெருந்தேவி நெடுவேண்மாள் திருவாய் மலர்ந்தருள, திருமந்திர ஓலை கீரந்தை எழுதியது. சங்கும் முத்தும் குவியும் சிப்பித்துறைப் பேரவையார் கண்டு தெளிக. உங்கள் கலங்கள் காற்றறிந்து கரை சேர்க. உங்கள் அடுப்புகள் அவியாதிருக்க. உங்கள் அவையில் மெய் என்றும் அமர்ந்திருக்க.

உங்கள் ஊர் நடுவர் அழிசியார் இருக்கையைத் துறந்து, முத்திரை மோதிரத்தைக் கழற்றித் தலைநகருக்கு அனுப்பிவிட்டு, தமக்கு என்ன தண்டனை வருமோ என்று வீட்டில் காத்திருப்பதை அவையீர் அறிவீர். தீர்ப்பைச் சொல்லுமுன் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும் என்பது தேவியாரின் திருவுள்ளம். அன்று அவையில் இல்லாதவர்களே அதைப் பற்றி மிகுதியாகப் பேசித் திரிகிறார்கள் என்று கேள்விப்பட்டோம்.

தேவியாரின் பாட்டனார் காலத்தில், கள் விற்பவன் ஒருவன் பானையில் ஊமத்தை விதையை அரைத்துப் போட்டு, குடித்தவர் பலர் மாண்டனர். மன்னர் நெஞ்சு பொறாமல், அரசுக் கள்ளறைகள் தவிர வேறெங்கும் யாரும் எவ்வகை மதுவும் ஊறவைக்கலாகாது, மீறுவோர் நாடு நீங்க வேண்டும் என்று சட்டம் செய்தார். விற்பவனைப் பிடிக்க விரித்த அந்த வலையில், முளைகட்டிய கேழ்வரகை இடித்துக் கஞ்சியில் கலந்து, உறையிட்டு, தன் வீட்டாருக்கென்று தோப்பி என்னும் வீட்டுக் கள் வடிப்பவரும் சேர்ந்தே அகப்பட்டனர். அதைத் திருத்த வேண்டும் என்று இதுநாள்வரை எவரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்னும் அச்சம்தான்.

இனி அழிசியார் செய்தி. வழக்காடுவோர் இருவரும் களைத்து ஓயும்வரை முகம் சுளியாமல் கேட்பவர் என்று இந்நாடு முழுதும் பெயர் பெற்றவர் அவர். அத்தகைய பெரியவருக்குத் தோப்பியின்மேல் தீராத பித்து. வீட்டின் பின்கட்டில், கதவைத் தாழிட்டு, தாமே கேழ்வரகை நனைத்து, தாமே முளைகட்டி, தாமே இடித்துப் பானையில் ஊறவைப்பார். விற்றதில்லை, வெறித்ததில்லை. பிள்ளைக்குப் பெயர் தேடுவது போல் ஒவ்வொரு பானைக்கும் நாள் பார்த்தார். அத்தனை பாடுபட்டும் ஒருமுறைகூடத் தோப்பி வாய்க்கவில்லை. வாயில் வைத்தால் கண் சுருங்கும் புளிப்பு. அதை ஊற்றிவிட்டு மறுபடி தொடங்குவார். விட்டுத்தொலைக்க அவருக்கு மனம் வந்ததேயில்லை.

இந்நிலையில்தான் கள்ளுக்கு வரி தண்டும் கள்ளாய அதிகாரி உலோச்சனார், உங்கள் துறையில் படகுகள் பல உடைய காரிநங்கையைக் கையும் களவுமாகப் பிடித்துப் பானையோடு அவையில் நிறுத்தினார். நங்கையோ தலை குனியவில்லை. பானையில் இருப்பது புளித்த கஞ்சிநீராகிய வெறும் காடி என்றும், காடி வைப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்றும், வேண்டுமாயின் மாட்டுக்கு ஊற்றிப் பார்க்கலாம் என்றும் உரத்துச் சொன்னாள். இத்தகைய மறுப்பு வந்தால் நடுவரே ஒரு மிடறு சுவைத்து, காடியா மதுவா என்று ஆணையிட்டு உரைக்க வேண்டும் என்பது வழக்கம். முன்னிருந்த நடுவர்கள் நாவில் பட்டதும் துப்பிவிட்டு ஒரு சொல்லில் தீர்ப்பார்கள்.

அழிசியார் துப்பவில்லை. மெல்ல விழுங்கினார். கண்ணை மூடினார். தாம் வாணாளெல்லாம் தேடியது அந்த மிடற்றில் இருந்தது. எங்கே இருக்கிறோம் என்பதை மறந்து, கஞ்சியில் எப்போது உறையிட்டாய் என்று அவளைக் கேட்டார். அவளும், யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் ஆதலால், தான் நின்ற இடத்தை மறந்தாள். விரல் நுழைத்தால் சுடாத அளவு கஞ்சி ஆறிய பின்னரே உறையிட வேண்டும் என்றும், பொறுக்க மாட்டாமல் சூட்டோடு இடுகிறவர்களுக்குப் புளிப்புத்தான் மிஞ்சும் என்றும் விடை சொன்னாள். முளையை எங்கே உலர்த்தினாய், பானை வாயை எதனால் கட்டினாய் என்று அவர் கேட்டுக்கொண்டே போக, அவள் சொல்லிக்கொண்டே போனாள். உறையை மட்டும் எவருக்கும் கொடுப்பது தங்கள் வீட்டு வழக்கமில்லை என்று நிறுத்திக்கொண்டாள். அப்போது நடுவர் நெடுமூச்செறிந்து, ஆண்டுதோறும் தம் பானை கெட்டது சூட்டினால்தானா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

உலோச்சனார் கடமை தவறாதவர். நடுவரிடம் மதிப்பும் உடையவர். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்று, பின்பு ஒரு வழி காட்டினார். நடுவர் நயமாகக் கேட்டு அவள் வாயாலேயே குற்றத்தை வரவழைத்தார் என்று எழுதிக்கொண்டால் போதும். நடுவர் பெயருக்குப் பழுதில்லை. அவள் மட்டும் நாடு நீங்குவாள். அதைக் கேட்டதும் அழிசியார் இருக்கையை விட்டு இறங்கினார். நங்கையின் பக்கத்தில் போய் நின்றார். அவள் விடை குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமாயின், தாம் கேட்ட கேள்வியும் அவ்வாறே ஆகும் என்றும், இருவரையும் சேர்த்தே எழுதிக்கொள்க என்றும் உரைத்தார்.

அவர் தேவியாருக்கு விடுத்த ஓலையில் தமக்கென்று எதுவும் வேண்டவில்லை. நங்கை தன் படகுகளையும் வீட்டையும் இழக்கலாகாது என்று மட்டும் வேண்டினார். கடைசியில், அந்த ஒரு மிடற்றுக்காக அவளுக்குத் தாம் நன்றியுடையர் என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்துக் காட்டியபோது தேவியார் சிரித்தார்கள். சிரித்து முடியுமுன் கண் கலங்கினார்கள். தப்பிக்க வழி திறந்திருந்தும் அதில் நுழையாத ஒருவரை இந்நாடு நடுவராகப் பெற்றிருப்பதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும் என்று மொழிந்தார்கள். அந்த நன்றியை அவையார் முன்னிலையில் அவருக்கு உரைக்கவே இவ்வோலை முதலில் எழுந்தது.

ஆகவே ஆணை. இன்றுதொட்டு, தன் வீட்டாருக்கும் விருந்தினருக்கும் என்று வீட்டில் தோப்பி வடிப்பது குற்றமாகாது. அதற்கு ஆயமும் இல்லை. விற்பதும், ஊமத்தை முதலியன சேர்ப்பதும் பழையபடியே பெருங்குற்றம். உலோச்சனார் இனி அவற்றைத் தேடுவாராக. அவருக்கு வேலை குறையாது. அழிசியார் மோதிரத்தை இவ்வோலையோடு திருப்பி அனுப்புகிறோம். அவர் நாளையே இருக்கையில் அமர்வாராக.

எனினும் அன்று பழைய சட்டம் நின்றது. இருவரும் அதை மீறினார்கள். தண்டனை இல்லாமல் விடலாகாது. அழிசியார் தம் பானைத் தோப்பியைக் கொணர்ந்து அவை நடுவே வைப்பாராக. காரிநங்கை ஒரு மிடறு சுவைத்து, முகத்துக்காகக் கூட்டாமலும் குறைக்காமலும், ஆணையிட்டு மெய் உரைப்பாளாக. நடுவர் அதை நின்று கேட்கக் கடவர். இஃது அவருக்கான தண்டனை. கேட்டு முடித்த பின், நங்கை தன் வீட்டு உறையில் ஒரு கைப்பிடி அவருக்கு அளிக்கக் கடவள். இஃது அவளுக்கானது.

அந்த உறையைப் பெற்று வீடு சென்றதும், அழிசியார் கஞ்சி நன்றாக ஆறும்வரை கைகட்டிக் காத்திருப்பாராக. இதுவும் அரசாணை.

தேவியாரின் கயல் முத்திரை இட்டு, கீரந்தை கையெழுத்து. இவ்வோலையை அவையில் இருமுறை படித்து, மூன்றாம் முறை நடுவர் வீட்டு வாயிலில் படிக்க. செங்கரை வாழ்க.