உரம் போடாத துண்டு

2024 நவம்பர் 28
கலகெதரயில் இன்று நல்ல வெயில். அஸீமா அக்காவின் வயலில் மூன்று துண்டுகள்: ஒன்றுக்கு முழு யூரியா, ஒன்றுக்குப் பாதி, கடைசித் துண்டுக்கு ஒன்றுமே இல்லை. நெல் இலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் கருவி அளக்கும். அந்த அளவை வைத்துப் பயிருக்கு உரம் போதுமா என்று சொல்ல முடியுமா? அதுதான் எங்கள் ஆராய்ச்சி.

டிசம்பர் 10
கடைசித் துண்டு மஞ்சளாகிவிட்டது.
"புள்ள, இதுக்கு எப்ப உரம் போடுவீங்க?" என்று அக்கா கேட்டார்.
போடவே மாட்டோம் என்று இவருக்கு யாரும் சொல்லவில்லையா? கொஞ்சம் பிந்திப் போடுவோம் என்றாராம் எங்கள் ஆராய்ச்சித் தலைவர் இராமநாதன் சேர். அந்த வீட்டு அரிசி முழுக்க இந்த வயலிலிருந்துதான்.

டிசம்பர் 11
கண்டி அலுவலகத்தில் சேரிடமே கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
"உண்மையைச் சொன்னா அந்த மனுசி வயல் தந்திருக்குமோ?"
உரமில்லாத பயிர் இருந்தால்தான் ஒப்பிடலாம் – தெரியும். அதுக்காகப் பொய்யா? வாய் வரைக்கும் வந்துச்சு, விழுங்கிட்டேன். ஏன் விழுங்கினேன்?

டிசம்பர் 12
மழை. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 13
சொல்லிட்டேன். தனியாகப் போய், எல்லாவற்றையும்.
அக்கா சத்தம் போடவில்லை. "அப்ப எங்கட சோறு கொறயிறதயா இவ்வளவு நாளும் அளந்துக்கிட்டு இருந்தீங்க?"
இன்றைக்கே போட்டால் பயிர் ஓரளவு தேறும் என்றேன். நான் வரப்பில் நிற்கும்போதே யூரியாவை அள்ளி வீசத் தொடங்கினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

டிசம்பர் 24
அந்தத் துண்டு பச்சை பிடிக்கிறது. அளவிலும் தெரிகிறது. பழைய அளவுகளுக்குப் பொருந்துகிற மாதிரி அதை மாற்றி எழுதச் சொன்னார் சேர். மாட்டேன் என்றேன். உரம் போட்ட விஷயத்தையும் சேர்த்து, உள்ளபடியே அனுப்பினேன். இந்த முறை விழுங்கவில்லை.

2025 ஜனவரி 7
இனி வயலுக்கு என்னோடு வேலை செய்யும் றொமேஷ் போகிறான். எனக்கு மண் சலிக்கிற வேலை. சலிக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு.

மார்ச் 3
அறுவடை முடிந்ததாம். கடைசித் துண்டில் விளைச்சல் குறைவுதான், ஆனால் மோசமில்லை என்றான் றொமேஷ்.

ஏப்ரல் 25
அடுத்த பருவமான சிறுபோகத்துக்குக் கலகெதரயில் ஒருவரும் வயல் தருவதாக இல்லை. கதை பரவிவிட்டது. சேர் என் மேசைக்கு வந்து நின்றார்.
"ஷாமலா, நீர் போய்க் கதைச்சா தருவினம்."
"நீங்களும் வாங்க சேர். உள்ளதை நீங்களே சொல்லுங்க."

ஏப்ரல் 28
காலையில் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போனபோது சேர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கலகெதர பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நான் முன்னால் போய் உட்கார்ந்தேன்.