உள்ளே மடித்த துணி

ஜனவரி 9, வியாழன்

எடை 71.4.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்தார். சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறதாம், இன்னும் உள்ளே வரவில்லையாம். மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைத்தால் வந்த வழியே போய்விடும். இல்லாவிட்டால் மாத்திரை, அதுவும் ஆயுசுக்கும். "நாப்பதுக்கு மேல உடம்பு தானா எதையும் விட்டுக் குடுக்காதும்மா. நாமதான் கேட்டு வாங்கணும்" என்றார்.

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எடை குறைவதுதான் எனக்குப் பயம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கூடுகிறதே என்று அழுகிறவர்களைத்தான் அவர் பார்த்திருப்பார். வாரா வாரம் எடையை எழுதிவைக்கச் சொன்னார். அதற்காகத்தான் இந்த நோட்டு.

ஜனவரி 13, திங்கள்

கடையில் இன்று ஒன்பது உருப்படி. ஆறு பேன்ட் உயரம் குறைப்பு, இரண்டு சட்டை பிடித்துச் சுருக்கல், ஒரு கோட்டு பிரித்துவிடல். துணிக்கடையின் பின்கட்டில் இரண்டு மெஷின், துணி ஓரத்தை வெட்டி அடிக்க ஒரு ஓவர்லாக், போட்டுப் பார்க்கும் அறைக்கு எதிரே ஆளுயர மூன்று பக்கக் கண்ணாடி. பத்தொன்பது வருஷமாக இதுதான் என் இடம். என் ஸ்டூலைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித்தான் போட்டிருக்கிறேன்.

ஊரில் உள்ள இடுப்பையெல்லாம் டேப் வைத்து அளக்கிறேன். என் இடுப்பை அளந்து ஆறு வருஷம் ஆகிறது. குத்துமதிப்பாக வெட்டி, குத்துமதிப்பாகத் தைத்து, மேலே ஏப்ரனைக் கட்டிக்கொண்டால் யாருக்கு என்ன தெரியப் போகிறது? கையைத் தூக்கினால், கை நின்ற பிறகும் சதை ஆடிக்கொண்டிருக்கிறது. நாற்பத்து நாலு வயது உடம்பு. என் அளவு எனக்கே தெரியாது. தையற்காரிக்கு இது வெட்கம்.

ஜனவரி 26, ஞாயிறு

69.9. தினமும் காலையில் வீட்டுக்காரரோடு நடக்கிறேன். அச்சகத்தில் நாளெல்லாம் நின்று பழகிய கால், அவர் பறக்கிறார். நான் பின்னால். "நீ நடக்கற நடைக்குக் கொழுப்பு பயந்து ஓடாது. அதுவும் கூடவே வாக்கிங் வரும்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். நானும் சிரித்தேன்.

தட்டில் பாதிதான். இரவில் கஞ்சி. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். எனக்குக் கொள்ளு.

பிப்ரவரி 4, செவ்வாய்

68.9. மோதிரம் கழன்று மெஷினடியில் விழுந்தது. தேடி எடுத்தேன். விரலில் போடவில்லை, பர்ஸில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

68.2.

முதலாளியம்மா பில் புத்தகத்தோடு பின்கட்டுக்கு வந்தவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா இப்படி இளைச்சிட்டே? நல்லாத்தான் இருக்கு. என்ன ரகசியம், எனக்கும் சொல்லேன்."

அவர் பாராட்டித்தான் சொன்னார். வாயில் கடித்திருந்த குண்டூசி விழுந்தது. குனிந்து எடுத்து நிமிரும்போது கண்ணாடிக்கு நேராக நிமிர்ந்துவிட்டேன். கழுத்தடியில் எலும்பு தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அங்கே அக்கா நின்றாள்.

நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். நூலகத்தில் வேலை. சின்ன வயதிலிருந்தே பருமன். பூசணி என்று பேர் வைத்ததே நான்தான். அவளும் கோபப்பட மாட்டாள், "பூசணிக்கா எவ்ளோ நாள் வச்சாலும் கெடாதுடி, பாத்துக்கோ" என்பாள்.

நாற்பத்து மூன்று வயதில் அவள் இளைக்க ஆரம்பித்தாள். முதல் தடவை இரண்டு பேன்ட்டைக் கொண்டுவந்தாள், இடுப்பு லூசாகிவிட்டது என்று. அளவு நோட்டில் எழுதினேன்: 38. அடுத்த தடவை 35. மூன்றாம் தடவை 32. ஒவ்வொரு தடவையும் அவளை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்ன சாப்பிடுகிறாய், என்ன ரகசியம், எனக்கும் சொல்லு என்று வாய் ஓயாமல் கேட்டேன். பொறாமையாகக்கூட இருந்தது. இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மூன்றாம் தடவை பின் தையலில் பிடித்த துணியை உள்ளேயே விடச் சொன்னாள். வழக்கமாக எல்லாருக்கும் அப்படித்தான் விடுவோம். உடம்பு திரும்பப் போட்டால் பிரித்துக்கொள்ளலாம். "வெட்டிடாதடி. உள்ள மடிச்சே தைச்சிடு" என்றாள். "இனிமே உனக்கு அது எதுக்குக்கா?" என்றேன். ஓவர்லாக்கில் விட்டு, மிச்சத் துணியை வெட்டி எறிந்தேன். அவளுக்குத் தைரியம் கொடுப்பதாக நினைப்பு எனக்கு. அக்கா குப்பைக் கூடையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

அடுத்த மாதம் வயிற்றில் கட்டி என்று எனக்குச் சொன்னார்கள். அதற்கு அடுத்த நான்காம் மாதம் அவள் இல்லை. நாற்பத்து நாலு வயது.

யார் யாரோ கவனிக்கவில்லை என்றால் சரி. டேப்பைக் கையில் வைத்திருந்தவள் நான்தானே? ஆறு இஞ்ச்! என் கையெழுத்தில், தேதியோடு.

பிப்ரவரி 14, வெள்ளி

இரண்டு தட்டு சாப்பிட்டேன். பிறகு மூன்றாவது. மோதிரம் விரலில் இறுகும்வரை எனக்கு நிம்மதி இல்லை போலிருக்கிறது.

மார்ச் 1, சனி

70.8. அவர் எடை எந்திரத்தைத் தட்டிப் பார்த்தார், கெட்டுப்போய்விட்டதோ என்று. நடப்பதையும் நிறுத்திவிட்டேனே, என்ன சங்கதி என்று கேட்டார். முட்டிவலி என்றேன். நம்பிவிட்டார். நம்புகிற மனுஷனிடம் பொய் சொல்வது இன்னும் கஷ்டம்.

பயந்து பயந்து இளைக்கிறேன், பயந்து பயந்து தின்கிறேன். ஒரு பக்கம் சர்க்கரை, ஒரு பக்கம் அக்கா. இரண்டுக்கும் நடுவில் நிம்மதியாக இருக்க ஓர் எடை உண்டா எனக்கு?

மார்ச் 5, புதன்

வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருத்தர் நாலு பேன்ட் கொண்டுவந்தார். நம் பழைய வாடிக்கை, என் வயதுதான். நாலும் மூன்று இஞ்ச் பிடிக்க வேண்டும். முகமெல்லாம் சந்தோஷம். உள்ளே துணி விட வேண்டாம், வெட்டிவிடுங்கள், இனிமேல் இந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்றார்.

என் வாய் சும்மா இருந்ததா? பசி எடுக்கிறதா, வாந்தி உண்டா, தானாகவே இளைத்தீர்களா, டாக்டரைப் பார்த்தீர்களா. கேட்டுக்கொண்டே போகிறேன், நிறுத்த முடியவில்லை. அந்த அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. "ஏங்க, நல்ல வார்த்தை சொல்ல மாட்டீங்களா?" என்றார்.

நாலு பேன்ட்டிலும் நான் துணியை வெட்டவில்லை. உள்ளே மடித்துத் தைத்து அனுப்பினேன்.

மார்ச் 8, சனி

முதலாளியம்மாவிடம் புகார் வந்துவிட்டது. உட்கார்ந்தால் பின்னால் உறுத்துகிறதாம், நான் அபசகுனமாகப் பேசினேனாம். துணி அவங்களுது, உடம்பு அவங்களுது, நடுவில் உனக்கு என்ன என்றார் முதலாளியம்மா. நியாயம்தான். பேன்ட்டைத் திருப்பி அனுப்பினால் வெட்டித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். கடை மூடும்வரை அவர் அனுப்பவில்லை.

மார்ச் 19, புதன்

கண்ணாடி மேல் பழைய திரைத்துணியைப் போட்டு மூடினேன். வாடிக்கையாளர் வரும்போது மட்டும் விலக்குகிறேன். தூசி படிகிறது என்று காரணம் சொன்னேன். துணிக்குப் பின்னால் அவள் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

மார்ச் 23, ஞாயிறு

அத்தான் வீட்டுக்குப் போனேன். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் ஆள் கிடைப்பார். அக்கா போன பிறகு நானும் அவரும் தனியாக உட்கார்ந்து பேசியதே இல்லை. டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை வேண்டாம் என்றேன், இந்தச் சர்க்கரை நம்மில் யாரையும் விடாது போலிருக்கு என்று சிரித்தார். அப்புறம் எனக்கு அடக்க முடியவில்லை. 38, 35, 32 எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டிப்போட்ட துணியையும் சொன்னேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "முதல் தடவை உங்கிட்ட வந்தப்ப எங்க யாருக்கும் தெரியாதும்மா. ரெண்டாவது தடவை அவளுக்குச் சந்தேகம். மூணாவது தடவை வந்தப்ப ரிப்போர்ட் கைப்பையில இருந்துச்சு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிலேருந்து நேரா உன் கடைக்கு வந்தா. அங்க ஒருத்திதான் என்னை நல்லா இருக்கேன்னு சொல்றா, அதையும் கெடுத்துக்கணுமான்னு கேட்டா. நான் என்ன சொல்ல?"

அக்கா! கைப்பையை என் ஸ்டூலின் மேல்தானே வைத்தாய்.

மார்ச் 24, திங்கள்

பாரம் இறங்கியது என்று எழுத ஆசை. பாதிதான் இறங்கியிருக்கிறது. 35 என்று எழுதிய அன்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு, துணியை உள்ளே விடச் சொல்லியிருக்கிறாள். திரும்ப உடம்பு போடுவோம் என்று அன்றைக்கு நம்பியிருக்கிறாள். அதைத்தான் வெட்டினேன்.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டிவலி பொய் என்பதையும். நான் மூன்றாம் முறை பரிமாறிக்கொள்ளப் போனபோது அவர் பாத்திரத்தை மூடி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 10, வியாழன்

69.7. சர்க்கரை வாசலிலேயே நிற்கிறது. டாக்டரம்மாவிடம் அக்காவைப் பற்றிச் சொன்னேன். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்க்க எழுதிக் கொடுத்தார். "இதை ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். சொல்லியிருக்கலாம்தான். இன்னும் ஒரு மாதம் தவணை தந்திருக்கிறார்.

ஏப்ரல் 14, திங்கள்

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. தாளை நாலு தரம் படித்தேன். பயம் அந்தத் தாளைப் படித்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் காலையில் நடக்கப் போனேன்.

ஏப்ரல் 24, வியாழன்

வங்கி அம்மாள் வந்தார். கையில் நாலு பேன்ட். வெட்டித் தரச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று சாக்பீஸை எடுத்தேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பிரிச்சு விடணும். ரெண்டு இஞ்ச். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம், அவளுக்குச் செய்து போட்டதில் பாதி இவர் வயிற்றுக்குள் போய்விட்டதாம். சொல்லும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அவருக்கு. அன்றைக்குக் கோபப்பட்டதற்கு மன்னிக்கச் சொன்னார். நான்தான் கேட்க வேண்டும் என்றேன். கண்ணாடியில் இருந்த திரையை விலக்கி அவரை நிறுத்தினேன். டேப்பைச் சுற்றியபோது அவர் இடுப்பு என் கையில் நிறைந்து நின்றது.

பின் தையலைப் பிரித்தேன். உள்ளே நான் மடித்துவைத்த துணி அப்படியே இருந்தது, வெளுக்காமல், புதுசாக. இந்த வேலையில் ஆயிரம் தரம் பார்த்ததுதான். இன்றைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். திரையைத் திரும்பப் போட மறந்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்

67.3. சர்க்கரை ஒரு படி இறங்கியிருக்கிறதாம். மாத்திரை வேண்டாம், இப்படியே போகச் சொன்னார் டாக்டரம்மா. ஆறு கிலோ ஆகவில்லையே என்றேன். ஆகாவிட்டால் பரவாயில்லை, இதில் நின்றால் போதும் என்றார்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லை. என் கறுப்பு பேன்ட் இடுப்பில் நிற்காமல் ஊக்கு போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். அக்கா இருந்தாள். போகவில்லை. போவாள் என்றும் தோன்றவில்லை. அவளுக்கு முன்னாலேயே டேப்பைச் சுற்றினேன். தளர்ந்த வயிறுதான், பிரசவத் தழும்பும் அப்படியே இருக்கிறது. கையில் சதை ஆடியது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

அளவு நோட்டில் அக்காவின் பக்கத்தை ஆறு வருஷத்துக்குப் பிறகு எடுத்தேன். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. தேதி போட்டு என் அளவை எழுதினேன்: 36.

பின் தையலில் இரண்டு இஞ்ச் பிடித்தேன். முதலாளியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு துணியை உள்ளே விட்டால் உட்காரும்போது உறுத்தும், வெட்டிவிடு என்றார். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது.

உள்ளே மடித்துத் தைத்தேன். உட்கார்ந்து இதை எழுதும்போது உறுத்துகிறது. இருக்கட்டும்.