சண்டைக்காரிக்கு ஓர் அருள்நிறை

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன், மதினி. மாதா சுரூபத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நான். மெழுகுதிரியோடு என் மகள் ரோஸி. பாட்டெடுத்த உபதேசியார் சூசை. நழுவப் பார்த்த என் வீட்டுக்காரர். எதிர்வாசலில் சவரியம்மாள். நடுத்தெருவில் நீங்கள், திராட்சைக் குலை வெட்டிவிட்டு நேரே வந்த கறைச் சேலையோடு.

இன்றைக்கு மாதா மறுபடி என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். சுண்டல் தாளித்த வாசனையும் கம்பத்து மல்லிகையும் ஒன்றாக அடித்ததும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. நீங்கள் கண்மூடியபிறகு வரும் முதல் மே மாதம்.

மே மாதம் முழுக்க மாதா நம் தெருவில் வீடுவீடாகப் போவாள். ஒரு நாள் வைத்திருந்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரியே தன் கையால் அடுத்த வீட்டுக்காரி கையில் கொடுக்க வேண்டும். எனக்கு அடுத்த முறை சவரியம்மாளுக்கு. ரோஸிக்கு வந்த முதல் சம்பந்தத்தை, பிள்ளைக்கு மூச்சிரைப்பு இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் காதில் போட்டுக் கலைத்தவள் அவள். அவள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டில் கொடுத்துவிடுவது என்று நான் தெருவில் இறங்கினேன்.

"எங்கத்தா திரும்புற? வீடு இங்கன இருக்கு" என்றீர்கள்.

"அவளுக்கு என் கையால தரமாட்டேன் மதினி. நீங்க வேணா தூக்கிட்டுப் போங்க."

உபதேசியார் பாட்டை நிறுத்தினார். "மன்னிச்சிரும்மா, இது மாதாவோட மாசம்ல."

"உபதேசியார் சொல்றாகள்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

நீங்கள் இரண்டு பேரையும் கையமர்த்தினீர்கள். "விடுங்க. மன்னிக்க வேணாம். வராததப் புடிச்சு இழுத்தா வருமா?" தெருவே வாயைப் பிளந்தது. "மன்னிப்பு வர்றப்ப வரட்டும். இப்ப உன் கையில இருக்கது மாதா. அத மட்டும் குடுத்துட்டு வா. மாதாவுக்கும் நின்னு நின்னு கால் வலிக்கும்ல?"

ரோஸி சிரித்துவிட்டாள். கலைந்த சம்பந்தம் அவளுடையது. அவளே சிரித்த பிறகு நான் என்ன செய்ய? தெருவைக் கடந்தேன். சவரியம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுத்தேன். முகம் ஒரு பக்கம் போனால் கை நேராகப் போகுமா? மாதாவின் கிரீடம் கழன்று விழுந்தது. இரண்டு பேரும் ஒன்றாகக் குனிய, மண்டையும் மண்டையும் மோதின.

"ஆத்தாடி!" என்றாள். பேச்சு நின்றபின் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொல் அதுதான்.

"மாதா சரியாப் பாத்தாக. ரெண்டு பேத்துக்கும் ஒரே அடி" என்று நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

அன்று செபமாலை முடிந்ததும் நீங்களாக ஒன்றைச் சேர்த்தீர்கள். "யாரு கூடப் பேச்சுவார்த்த இல்லையோ, அவுகளுக்கு ஒரு அருள்நிறை. திட்டிக்கிட்டே சொன்னாலும் சரி, சொல்லிருங்க." 'அருள் நிறைந்த மரியே' என்று முன்பாதியை நீங்களே எடுத்தீர்கள். மறுநாளும் சொன்னோம். அடுத்த வருசமும் சொன்னோம். பிள்ளைகள் அதற்கு 'சண்டை அருள்நிறை' என்று பெயர் வைத்தார்கள். நல்ல இடமாக அமைந்து ஜெயமங்கலம் போன ரோஸி அங்கேயும் அதைத் தொடங்கிவிட்டாள். உங்களுக்குப் பிள்ளை இல்லையே என்று உச்சுக்கொட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் எல்லாம் அதைச் சொல்லித்தான் படுக்கிறார்கள்.

இன்றைக்குச் செபமாலை முடிந்தது. பாடிய செல்போனைப் பேத்தி அமுக்கினாள். உங்கள் குரல் வருகிற இடம் அது. எடுக்க ஆள் இல்லையென்றால் அந்த வழக்கம் இன்றோடு போயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். நானே எடுப்போம் என்று முந்தானையைச் சரிசெய்தேன்.

மூலையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "பேச்சுவார்த்த இல்லாதவுகளுக்காக ஒரு அருள்நிறை."

சவரியம்மாள். மாதாவோடு வருவாள், மாதாவோடு போவாள், என்னோடு பேச மாட்டாள். அவள்தான், என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு! வீடே சிரித்தது. சிரித்த வாயோடு செபித்தது. முன்பாதியை அவள் சொன்னாள். பின்பாதியை நான் சொன்னேன், அவளைவிடச் சத்தமாக.

நாளைக்குச் சாயங்காலம் மாதாவை அவள் கையில் கொடுக்க வேண்டும். கிரீடத்தை நூல் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டேன். அவள் பேருக்கான அருள்நிறையை நான் ஒரு நாளும் விட்டதில்லை, மதினி, இனியும் விடமாட்டேன். ஆனால் உங்கள் இடத்தில், அதுவும் என் வீட்டில், எனக்கு முந்திக் குரலெடுத்தாளே, அதையும் பழைய கணக்கோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

மன்னிக்க மாட்டேன். எதிர்வீட்டுச் சவரியம்மாளை.