சென்சார் கவர், இளஞ்சிவப்பு

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். பஸ் ஜன்னல் கம்பி சுட்டது. ஏ ஷிஃப்ட்.

காஞ்சிபுரம் கண் ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டாக்டரம்மா சொன்னபடி இன்று முதல் இந்த நோட்டு. எந்த நிறத்தின் கீழ் எழுத்து அசையாமல் நிற்கிறது, எவ்வளவு நேரம், தலைவலி உண்டா. அது மட்டும் போதும் என்றார். நான் மற்றதையும் எழுதுவேன். யார் பார்க்கப்போகிறார்கள்.

பழுப்புத் தாள் நோட்டு. இதில் வருகிறது. வெள்ளைத் தாள் என்றால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

பவர் எதுவும் இல்லையாம். கண் நல்ல கண். கலர் கண்ணாடி எல்லாருக்கும் உதவும் என்று சொல்ல முடியாது, டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, சிலருக்கு இதமாக இருக்கிறது, அதனால் முதலில் கலர் தாள் வைத்துப் பார் என்றார். இருபத்தாறு வயதில் முதல்முறையாக ஒருவர் என்னைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். கோபத்தில்தான். பத்தாவது வரை என்னை பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய அத்தனை பேர் மேலும் கோபம்.

19-ம் தேதி கம்பெனியில் குவாலிட்டி செக்கர் வேலைக்கு எழுத்துத் தேர்வு. இரண்டு முறை ஃபெயில். நான் வேலை கற்றுக்கொடுத்த இரண்டு பேர் பாஸாகி எனக்கு மேலே போய்விட்டார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

ஸ்ரீபெரும்புதூர் ஃபேன்ஸி ஸ்டோரில் ஜெலட்டின் தாள், ஐந்து நிறம். கடைக்காரர், ஸ்கூல் டான்ஸுக்கா என்றார்.

அறையில் சோதனை. உடன் தங்கியிருக்கும் ஜெனிஃபர் (தூத்துக்குடி, பக்கத்து லைன்) போனில் நேரம் பார்த்தாள்.
சிவப்பு: உடனே தலைவலி.
நீலம்: எழுத்தே தெரியவில்லை.
மஞ்சள்: பத்து நிமிடம் பரவாயில்லை, பிறகு பழைய குருடி.
பச்சை: மஞ்சளைவிட மோசம்.
பிங்க்: நிற்கிறது! ஆனால் தாள் மிகவும் அடர்த்தி, பாதி எழுத்து தெரியவில்லை.

இவ்வளவு நாள் எல்லாவற்றையும் நான்தானேட்டி வாசிச்சுக் காட்டினேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா என்றாள் ஜெ. எதைச் சொல்வது? எல்லாருக்கும் எழுத்து அப்படித்தான் நெளியும், அவர்கள் சமாளிக்கிறார்கள், எனக்குத்தான் துப்பில்லை என்று நினைத்திருந்தேன்.

ரசம் தீர்ந்துவிட்டது. தயிர் வாங்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். லைனில்.

கார் ஒயர் கட்டும் எங்கள் மேஜைக்கு சென்சார் ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வரும். மெல்லிசு, வெளிறிய பிங்க். சென்சாரை எடுத்துவிட்டுக் கவரைத் தொட்டியில் போடுவோம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் போடுகிறேன், இரண்டு வருடமாக. இன்று ஒன்று நழுவி, மேஜையில் இருந்த வேலைமுறைத் தாளின் மேல் விழுந்தது.

எழுத்து நின்றது. முதல் வரி முதல் வரியாக, இரண்டாவது இரண்டாவதாக. முழுத் தாளையும் படித்தேன். நான்காவது படி நான் செய்வதுபோல் இல்லை என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூலை 12, சனி

வார லீவ். கண்ணாடிக் கடை. ஏ.சி. நன்றாக இருந்தது, கடைக்காரர் அப்படியில்லை. பவர் இல்லை என்று சீட்டைக் காட்டியும், புளூ கட் லென்ஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் மேடம் என்று அதே பாட்டு. பிங்க் டின்ட் கேட்டேன். கூலிங் கிளாஸ் மாதிரி ஸ்டைலா இருக்கும் என்றார். எனக்கு ஸ்டைல் எதற்கு?

மாதிரி லென்ஸைக் கண்ணில் வைத்தேன். எழுத்து நின்றது. ஆனால் அவர் பில் புத்தகத்தில் வெள்ளைத் தாளும் பிங்க் தாளும் ஒன்றாகத் தெரிந்தன. எங்கள் மேஜையில் வெள்ளை ஒயரும் பிங்க் ஒயரும் பக்கத்துப் பக்கத்துத் துளையில் போகும். மாற்றிச் செருகினால் யாரோ ஒருவருடைய காரில் ஏதோ ஒன்று வேலை செய்யாது.

ஆகவே முடிவு: கண்ணாடி வேண்டாம். நிறம் தாள் மேல் இருக்கட்டும், கண் மேல் வேண்டாம். இதை யாரும் சொல்லித்தரவில்லை, நானே யோசித்தேன்.

ஜூலை 14, திங்கள்

மேகம். மழை இல்லை, புழுக்கம் மட்டும்.

சூப்பர்வைசர் தினகரனிடம் கேட்டேன். வேலைமுறைத் தாள் மேல் ஒரு கவர், தேர்வுத் தாள் மேல் ஒரு கவர். அவ்வளவுதான். வாலாஜாபாத் பக்கத்து ஆள், கெட்டவர் இல்லை. ஆனால் சொன்னார் பாருங்கள்: "ரெண்டு வருஷமா படிக்காமயே வேலை ஓடிக்கினு கீது. அப்புறம் இன்னாத்துக்கு உனக்குக் கலர் பேப்பரு?"

படிக்காமல் ஓடியதா? ஒவ்வொரு மாடலுக்கும் ஜெ. வாயால் கேட்டு மனப்பாடம் செய்து ஓட்டினேன். அது அவருக்கு ஓடிக்கினு கீது.

ஜூலை 16, புதன்

எழுதியே தீர வேண்டும்.

தேர்வுக்குப் படிக்க அறையில் கவர் இல்லை. தொட்டியிலிருந்து ஒன்றே ஒன்று எடுத்து மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். குப்பைதானே என்று நினைத்தேன். கேட்டில் செக்யூரிட்டி கஸ்தூரி அக்கா பையை அமுக்கினாள். சலசல என்றது.

"குப்பைத் தொட்டியில கெடந்துச்சுக்கா."

"தொட்டியும் கம்பெனிதுதானம்மா. நான் எழுதலன்னா என் வேலை பூடும்."

எழுதினாள். மூன்று பஸ் ஆட்கள் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின் சீட்டில் ஒருத்தி, "இன்னா எடுத்தாளாம்?" எங்கள் வீட்டில் யாரும் ஒரு குண்டூசி எடுத்ததில்லை. என் பெயருக்கு எதிரே ரெஜிஸ்டரில் திருட்டு என்று இருக்கிறது. குப்பை. நான் எடுத்தது குப்பை.

ஜூலை 17, வியாழன்

எச்.ஆர். அறை. மேஜையில் என் கவர், ஒரு சீட்டோடு சேர்த்து பின் அடித்து. பக்கத்தில் டைப் செய்த கடிதம், பளீர் வெள்ளை.

வழக்கமான மன்னிப்புக் கடிதம்தான், கையெழுத்துப் போட்டுவிட்டு லைனுக்குப் போ என்றார் எச்.ஆர். பேனாவையும் நீட்டினார். வாங்கியும்விட்டேன். வரிகள் ஏறத் தொடங்கின.

"அந்தக் கவரைக் குடுங்க சார். படிச்சிட்டுப் போடுறேன்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொடுத்தார். கவரைக் கடிதத்தின் மேல் வைத்து, விரல் வைத்து, சத்தமாகப் படித்தேன். மெதுவாகத்தான். ஒருமுறைகூட வரி தவறவில்லை. நிறுவனப் பொருளைப் பலமுறை திருடியதை ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு வரி. இனி எந்த உள்தேர்வும் எழுத மாட்டேன் என்று ஒரு வரி.

"ஒரு தடவைதான் சார் எடுத்தேன். குப்பையில இருந்து. படிக்க. அப்படி எழுதுங்க, போடுறேன்."

அவர் முகம் மாறியது. கடிதத்தை இழுத்து டிராயரில் போட்டார். "எல்லாரும் படிக்காமதாம்மா போடுவாங்க" என்றார். கோபமாகக்கூட இல்லை, ஊரில் உள்ள வழக்கத்தைச் சொல்வதுபோல். கவருக்குக் கை நீட்டினார். கொடுத்தேன்.

சாயந்திரம். ஜெ. டீ போட்டு வைத்திருக்கிறாள். ஆறிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஒரே நினைப்பு. வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு ஹாலில் வரிசையாக உட்கார வைத்து, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு எண்ணிக்கை நினைவிருக்கிறது, பதினொன்று.

மனு எழுதியாகிவிட்டது, என் கையாலேயே, பழுப்புத் தாளில். சனிக்கிழமைத் தேர்வில் அந்தக் கவரைத் தாள் மேல் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். கீழே இன்னொரு வரி: சேர்ந்த நாளில் கையெழுத்துப் போட்ட பதினொரு தாள்களின் நகல் வேண்டும். படிக்க.