முன்னால் மாணவர்கள்

செப்டம்பர் 2, செவ்வாய்

அறை என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது என் குற்றமா?

ஹெட்மாஸ்டர் வாசலில் "தலைமை ஆசிரியர் அறை" என்று ஒரு பலகை தொங்குகிறது. அதன் கீழே சின்னதாக, பென்சிலில்தான், "யாருக்கு? எந்தக் கன்னத்தில்?" என்று எழுதி வைத்தேன். மூன்று பீரியட் வரை ஒருவரும் கவனிக்கவில்லை. நாலாவதில் கணக்கு சார் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததால் நான் மாட்டினேன்.

"குண்டூசி, உள்ள வா." பள்ளி முழுக்க எனக்கு அதுதான் பெயர். சின்னதாக இருக்கும், உட்கார்ந்த பிறகுதான் இருப்பது தெரியும்.

அறை விழவில்லை. வேலை விழுந்தது. இருபதாம் தேதி பள்ளிக்கு ஐம்பது வயது. சாதித்த முன்னாள் மாணவர்கள் ஐம்பது பேரின் படத்தை நீளத் தாழ்வாரச் சுவரில் ஒட்ட வேண்டும், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுத வேண்டும். தினமும் பள்ளி விட்டதும், தமிழ் டீச்சரோடு. "எழுத்து மேல அவ்ளோ ஆசை இல்ல? எழுது," என்றார் ஹெட்மாஸ்டர்.

செப்டம்பர் 4, வியாழன்

நாலு மணிக்கு மேல் தாழ்வாரம் வேறு இடமாகிவிடுகிறது. வெயில் ஜன்னல் கம்பிகளைக் கொண்டுவந்து தரையில் படுக்க வைக்கிறது. பசை வாசனையில் கண் செருகுகிறது.

விமானம் ஓட்டுகிற ஒருத்தி. பாலம் கட்டுகிற ஒருவர். கடலடியில் கேபிள் பழுதுபார்க்கிற ஒருவர். ஒரு நீதிபதி. நீதிபதியின் மூக்கில் ஒரு சொட்டுப் பசை விழுந்துவிட்டது, நகத்தால் சுரண்டினேன், இப்போது அவருக்கு மூக்கு கொஞ்சம் குறைவு.

எல்லோரும் போன பிறகு இவர்கள் சட்டத்தை விட்டு இறங்கி வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சத்தமில்லாமல் வகுப்பு வகுப்பாகத் தங்கள் பெஞ்சைத் தேடுவார்கள். கேபிள்காரர் நனைந்த காலோடு நடப்பார். விமானக்காரி என் இடத்தில் உட்கார்ந்து, நான் டெஸ்கில் செதுக்கியதைப் படித்துச் சிரிப்பாள். நானும் ஒரு நாள் இப்படி இறங்கி வருவேனா? எந்தச் சட்டத்திலிருந்து? என்ன வேலை என்று எழுதியிருக்கும்?

ஐம்பதாவது கட்டம் மட்டும் காலி. அந்த ஆள் படிவம் அனுப்பவில்லையாம். சும்மா இருக்கிற சுவர்தான். ஆனாலும் அது என்னையே பார்க்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

கத்தரிக்கோல் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தால் உள்ளே அக்கா.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே பள்ளியில் முதல் மதிப்பெண். மருத்துவக் கல்லூரி. இந்தப் படம் ஹெட்மாஸ்டர் அறை வாசலில்தான் மாட்டியிருந்தது, நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது தினமும் அதற்கு நாக்கை நீட்டிவிட்டுப் போவேன். இரண்டாம் வருஷம் அக்கா பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். கேட்டவர்களிடம் அம்மா "அவளுக்கு ஒத்துக்கல" என்று சொன்னாள், சோப்பைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அதற்கப்புறம் படம் இழுப்பறைக்கு வந்திருக்கிறது போல.

இப்போது அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். பள்ளித் தெரு வழியாகப் போனால் கடை எட்டு நிமிஷம். அவள் கால்வாய்ப் பக்கம் சுற்றி இருபது நிமிஷம் நடக்கிறாள். கேட்டால், "காத்து நல்லா வரும்" என்பாள். மழையிலும் காற்று வாங்குகிறவள் இவள் ஒருத்திதான்.

காலிக் கட்டம். கையில் படம். மேசை மேல் காலிப் படிவம்.

தற்போதைய பணி: கண்ணுக்கு வேலை பார்ப்பவர்.
சாதனை: இதுவரை நாலாயிரம் பேருக்குப் பார்வை தந்தவர்.

ஒவ்வொரு எழுத்தும் உண்மை. படத்தோடு சேர்த்துப் படிவக் கட்டின் நடுவில் செருகிவிட்டேன். இது குறும்பா? குறும்பென்றால் சிரிப்பு வர வேண்டுமே.

செப்டம்பர் 6, சனி

அக்காவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். லென்ஸ் மாற்றி மாற்றிச் செருகிப் பவர் பார்க்கிற அந்தக் கனமான வட்டக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தேன். தெரு கரைந்துவிட்டது. சிக்னல் விளக்கு தண்ணீரில் விழுந்த மருதாணி மாதிரி விரிந்தது. மனிதர்களுக்கு ஓரமே இல்லை, ஒருவரிலிருந்து இன்னொருவர் வழிந்து போனார்கள். பின்னால் மெஷினில் லென்ஸ் தேயும் சத்தம், தண்ணீர் சொட்டும் சத்தம். அப்படியே தூங்கிவிடலாம் போல இருந்தது.

"கழட்டுடி, தலை சுத்தும்."

"இருக்கா. இதுல எல்லாரும் அழகா இருக்காங்க."

"அழகா இல்ல. தெரியல. அவ்ளோதான்."

படிவத்தைப் பற்றி வாயைத் திறந்தேன். சோற்றைப் போட்டு மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அச்சகத்துக்குப் பேனர் வாசகத்தையும் அழைப்பிதழ்ப் பட்டியலையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். உறை ஒட்டியிருந்தது. பிரிக்கவில்லை. வாழ்க்கையில் நான் ஒழுங்காக இருந்த ஒரே பத்து நிமிஷம்.

செப்டம்பர் 12, வெள்ளி

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. ஐம்பதாவது பெயர் அக்கா. பக்கத்தில்: கண் மருத்துவர்.

கண்ணுக்கு வேலை பார்ப்பவர், பார்வை தந்தவர் – இரண்டையும் படித்துவிட்டுத் தமிழ் டீச்சர் சுருக்கி எழுதியிருக்கிறார். "உங்க அக்கா திரும்பப் போய்ப் படிப்ப முடிச்சிட்டாளா? சொல்லவே இல்லையேடி," என்று என் கன்னத்தைத் தொட்டார். கண்ணில் தண்ணீர் வேறு. அந்த முகத்தைப் பார்த்து "இல்ல டீச்சர்" என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற வாய் இன்று லீவு.

எந்த வேலையை விட்டுவிட்டு வந்தாளோ, அதையே அவள் பெயருக்குப் பக்கத்தில் அச்சடிக்க வைத்திருக்கிறேன். மேடையில் ஏற்றி, டாக்டர் என்று கூப்பிடுவார்கள். ஊரே கை தட்டும். அவள் என்ன செய்வாள்?

வீட்டுக்கு வந்த அழைப்பிதழைக் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்தேன். நானே திறக்காத இடம்.

செப்டம்பர் 15, திங்கள்

தெரிந்துவிட்டது.

கடைக்கு வந்த ஒரு அம்மா அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்: "டாக்டர்னு போட்டிருக்கு, நீங்க இங்க என்ன பண்றீங்க?" கடை முழுக்க ஆள்.

அக்கா திட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, என் எதிரில் உட்கார்ந்து, "நீயா?" என்றாள்.

"நான் டாக்டர்னு எழுதலக்கா. சத்தியமா. கண்ணுக்கு வேலை பாக்கறவர்னுதான்..."

"எனக்கு இருந்தது ஒரே ஒரு இடம். அந்தக் கடை. அங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அதையும் கெடுத்துட்ட."

அப்புறம் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். ஒரே தட்டை ரொம்ப நேரம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பேசவில்லை.

செப்டம்பர் 17, புதன்

இன்றும் இல்லை. உப்பு வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்கிறாள், உப்பு என் முன்னால் இருக்கிறது.

தமிழ் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், ஒரே மூச்சில். அவர் பசைக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானாவது ஒரு வார்த்த கேட்டிருக்கணும்," என்றார். அழைப்பிதழைத் திரும்ப வாங்க முடியாது. சுவரில் படத்தை எடுக்கலாம், அல்லது கீழே உள்ள வரியை மாற்றலாம். "அத உங்க அக்காதான் சொல்லணும். கேட்டுட்டு வா."

வீட்டில் அக்கா சாத்திய கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே விளக்கு அணைந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

விளக்கணைக்கப் போகும்போது அக்காவே பேசினாள். சுவரைப் பார்த்துக்கொண்டு.

"எனக்குப் பிடிக்கலடி. அவ்ளோதான் காரணம். உடம்பு சரியில்ல, ரேகிங், எதுவுமே இல்ல. பிடிக்கல. மொத மார்க் வாங்கினவ பிடிக்கலன்னு சொன்னா யாரு ஒத்துப்பாங்க?"

"நான் ஒத்துக்கிறேன்."

"நீ மார்க்கே வாங்க மாட்ட. உனக்கென்ன."

நாலு நாளைக்கப்புறம் கிடைத்த முதல் குத்து. இனித்தது.

"காலைல ஏழு மணிக்கு, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி வரேன்," என்றாள். "நானே பாத்துட்டுச் சொல்றேன்."

செப்டம்பர் 20, சனி

எழுதிவிடுகிறேன், அப்படியே இருக்கும்போதே.

ஏழு மணி. பனி மாதிரி வெளிச்சம். பள்ளித் தெருவின் முனையில் அக்கா கொஞ்சம் நின்றாள், அப்புறம் நடந்தாள். வாசலில் பேனர், இரண்டு ஆள் உயரத்துக்கு:

முன்னால் மாணவர்கள் சாதனை விழா

முன்னாள் இல்லை. முன்னால். ஐம்பது வருஷப் பள்ளி, எல்லோரையும் முன்னால் வந்து நிற்கச் சொல்கிறது.

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்ததும் பாய்ந்தார். "அச்சகத்துக்குப் பேப்பர் கொண்டுபோனது நீ. மாத்தினது நீ."

"சார், நான் மாத்தியிருந்தா இத விட நல்லா மாத்தியிருப்பேன்."

தமிழ் டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அப்போது அக்கா கேட்டாள், அமைதியாக, கடையில் கேட்கிற குரலில்: "அச்சடிக்கறதுக்கு முன்னாடி யாரு சார் சரிபார்த்தது?"

"நான்தான். போன்ல அனுப்பினாங்க. பார்த்துட்டுத்தான் சரின்னேன்."

அக்கா அவர் கையில் ஒரு அழைப்பிதழைக் கொடுத்தாள். "மூணாவது வரியப் படிங்க."

அவர் கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். கை முடிந்துவிட்டது, எழுத்து இன்னும் தெளியவில்லை.

"கை பத்தல சார். உங்களுக்கு லகரமும் ளகரமும் ஒண்ணாத்தான் தெரியும். இவ மேல தப்பில்ல. கண்ணாடி மாத்தி எத்தன வருஷமாச்சு?"

அவர் யோசித்தார். பிறகு, குற்றம் கண்ணாடி மேல் போனதில் சந்தோஷமாகிவிட்டார். "கண் டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் அக்காவைப் பார்த்தேன்.

"டாக்டர் இல்ல சார்," என்றாள் அக்கா. "அழைப்பிதழ்ல தப்பா வந்திருக்கு. கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறேன். டாக்டருக்குப் படிச்சேன். பிடிக்கல. விட்டுட்டேன்."

ஆறு வாக்கியம். வானம் இடியவில்லை. பேனர்தான் காற்றில் ஒரு தடவை படபடத்தது. ஹெட்மாஸ்டர் மெதுவாக, "அப்படியா," என்றார். அப்புறம், "கடை எங்க இருக்கு?" என்றார்.

தாழ்வாரத்தில் அக்கா தன் படத்துக்கு முன்னால் நின்றாள். ரெட்டைச் சடை, முதல் மதிப்பெண், கொஞ்சம் பயந்த கண். கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இருக்கட்டும்," என்றாள். "எழுதிக்கோ. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார்."

எழுதினேன். பக்கத்தில் நானாக ஒன்று சேர்த்தேன்: லகர ளகர வேறுபாடு அறிந்தவர். படித்தாள். அழிக்கச் சொல்லவில்லை.

மேடைக்கு அவள் இருக்கவில்லை. ஒன்பது மணிக்குக் கடை திறக்கணும் என்று போய்விட்டாள். ஐம்பதாவது பெயர் வந்தபோது தமிழ் டீச்சர் மைக்கில் அந்த வரியை, என் வாலையும் சேர்த்து, அப்படியே படித்தார். கை தட்டினார்கள். விமானக்காரி பேனருக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 24, புதன்

ஹெட்மாஸ்டர் கடைக்கு வந்தாராம். அக்கா அட்டையில் தானே கையால் எழுதி வைத்திருந்தாளாம்: ல ள ல ல ள. முதல் தடவை எல்லாம் ல என்றாராம். லென்ஸ் மாற்றியதும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாராம், எழுத்து ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வருகிற மாதிரி.

"என்ன சொன்னார்க்கா?"

"'அந்தப் பொண்ணுகிட்ட சாரின்னு சொல்லு'ன்னார்."

"எந்த சாரி? கட்டுறதா?"

தலையில் ஒரு அறை. அர்த்தம் இரண்டு.

செப்டம்பர் 29, திங்கள்

காலையில் நல்ல காற்று. கால்வாய்ப் பக்கம் இன்னும் நன்றாக வந்திருக்கும். அக்கா பள்ளித் தெருவில் திரும்பினாள். நான் கூப்பிடவில்லை, ஓடிப் போய்ச் சேர்ந்துகொள்ளவும் இல்லை. டிபன் பையை ஆட்டிக்கொண்டே நடந்தாள், வாசல் வந்ததும் நடையை வேகப்படுத்தவில்லை.

எனக்குப் பத்தடி முன்னால். லகரம்தான். இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.